ஏறுவதா, நிற்பதா?

ஆகாய விமானம் ஓட்டுவதில் கஷ்டமான காரியம் எது என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர், "இறக்குவதுதான்" என்பார்கள். ஏறுவதில் என்ன இருக்கிறது, விசையைத் தள்ளினால் கிளம்பிவிடாதா என்று தோன்றும். விமானம் ஓட்டக் கற்கும் பெண் ஒருத்தி உங்கள் வீட்டில் இருந்தால், அந்த எண்ணம் ஒரே நாளில் மாறிவிடும்!

எங்கள் வீட்டில் இருக்கிறாள். என் அக்காவின் மகள். சென்ற கோடையில் எல்லோருமாக ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். காவலூர் வானாராய்ச்சி நிலையத்தைப் பார்த்துவிட்டு ஜமுனாமரத்தூர் போகும் வழியில், சாமைக் கொல்லைகளை ஒட்டி நீளமாக ஒரு புல்வெளி. அப்போதுதான் மழை பெய்து ஓய்ந்திருந்தது.

"இங்கே ஒரு சின்ன விமானத்தை இறக்கலாம் போலிருக்கிறதே!" என்றாள் அக்கா.

பெண் புல்லைக் காலால் அழுத்திப் பார்த்தாள். "இறக்கினாலும் இறக்கிவிடலாம், அம்மா. திரும்ப ஏற்றுவதுதான் நடக்காது" என்றாள்.

ஏன் நடக்காது? சிறு விமான ஓட்டிகள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு ஒன்று உண்டு. கடல் மட்டத்தில், கெட்டியான பாதையில், 500 மீட்டரில் கிளம்பும் விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் தூரம் 10 சதவீதம் கூடும். காவலூர் சுமார் 2,300 அடி. அந்த உயரத்துக்குக் கணக்கில் கொள்ளும் வெப்பம் 10 டிகிரிதான்; நம் கோடைப் பகலோ 30 டிகிரியைத் தொடும். கூடுகிற ஒவ்வொரு 10 டிகிரிக்கும் மேலும் 10 சதவீதம். புல் ஈரமாயிருந்தால் 30 சதவீதம். இவற்றைக் கூட்டக் கூடாது. வட்டிக்கு வட்டி போல ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 500 மீட்டர் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆகிவிடும்!

காரணம் எளியது. உயரத்திலும் வெயிலிலும் காற்று லேசாகிறது. இறக்கைக்குத் தாங்கல் குறைகிறது. இயந்திரத்துக்கும் மூச்சு முட்டுகிறது. கீழே ஈரப் புல்லோ சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்பார்களே, அந்தக் கதிதான்.

பெயர் பெற்றவர்களையும் இந்தக் கணக்கு விட்டதில்லை. ஏமி ஜான்சனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் மீன் வியாபாரி ஒருவரின் மகள்; வக்கீல் ஆபீஸில் டைப் அடித்தவர். 1930-ஆம் வருஷம் மே மாதம் லண்டன் அருகே கிராய்டனிலிருந்து தனியே புறப்பட்டு, அன்றைய இந்தியாவின் கராச்சி, ஜான்சி, கல்கத்தா வழியாக 19 நாளில் ஆஸ்திரேலியாவின் டார்வினை அடைந்தார். அப்பேர்ப்பட்டவர், 1933 ஜூனில் கணவர் ஜிம் மாலிசனோடு அட்லாண்டிக்கைக் கடக்க அதே கிராய்டனின் புல்தரையில் ஓடத் தொடங்கினார். விமானம் நிறையப் பெட்ரோல். பாரம் தாங்காமல் சக்கரத் தாங்கி முறிந்தது. விமானம் தரையிலேயே கிடந்தது. நல்லவேளை, இருவரும் உயிர் தப்பினார்கள்.

பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? விமானத்தைச் செப்பனிட்டார்கள்; தரையை மாற்றினார்கள். வேல்ஸ் தேசத்துக் கடற்கரையில், மைல் கணக்கில் நீளும் பெண்டைன் மணற்பரப்புக்குப் போய், ஜூலை 22-ஆம் தேதி அங்கிருந்து கிளம்பினார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டியும் விட்டார்கள்.

இன்று விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தருகிறார்கள். பாதையின் நடுவில் ஓர் அடையாளம் வைத்துக்கொள். அங்கே வருவதற்குள், ஏறத் தேவையான வேகத்தில் பத்தில் ஏழு பங்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் யோசிக்காதே, விசையை இழுத்து நிறுத்திவிடு. மேலே கிளம்பிய உடனே இயந்திரம் நின்றுவிட்டால், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பப் பார்க்காதே. எதிரே கிடைக்கிற வெளியில் இறங்கு. தாழ்வாகப் பறக்கும்போது திரும்ப முயன்று உயிரை விட்டவர்கள் பலர்.

"நிறுத்துவது அவ்வளவு சிரமமா?" என்று அக்கா கேட்டாள்.

"மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிரமம்தான், அம்மா. இன்னும் கொஞ்ச தூரம் ஓடினால் ஏறிவிடும், இன்னும் கொஞ்ச தூரம் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும்."

இந்தியாவில் விமானம் ஓட்டும் பெண்களின் விகிதம் உலகச் சராசரியை விட அதிகம். நாளை உங்கள் வீட்டுப் பெண்ணும் அந்த வேலைக்குப் போகலாம். என்றாவது ஒரு நாள் அவள் வந்து, "இன்றைக்குப் பறக்கவில்லை, பாதி வழியில் நிறுத்திவிட்டேன்" என்று சொன்னால், கட்டிய பணத்தை எண்ணிப் பெருமூச்சு விடாதீர்கள், "ஏன், பயந்துவிட்டாயா?" என்றும் கேட்காதீர்கள். சூடாக ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள். அன்றைய பாடத்தை அவள் நன்றாகவே படித்திருக்கிறாள்.