பியூட் ஊரில் ஒரு சித்திரக்காரி

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு பிரதேசம். அதன் வடகரையில் இருக்கும் சின்ன ஊர் பியூட். லண்டனிலிருந்து எக்ஸெட்டர் வரை ரயில். அதற்கு மேல் பஸ்தான். பியூடுக்கு இருந்த ரயில் பாதையை 1966-லேயே மூடிவிட்டார்கள். நீளமான மணல்கரை, பழைய கால்வாய், பாறைகளை ஒட்டி 1930-ல் கட்டிய கடல்நீர்க் குளம்... சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அந்தக் குளம்தான் சொர்க்கம்!

என்னை இழுத்துக்கொண்டு போனது வேறு விஷயம். பமீலா கோல்மன் ஸ்மித் என்ற சித்திரக்காரி கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர் இது. பெயர் புதிதாக இருந்தாலும் அவர் போட்ட படங்களை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். டாரட் சீட்டுப் படங்கள்!

ஒரு கட்டுக்கு 78 சீட்டுகள். 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பொழுதுபோக்கு ஆட்டமாகப் பிறந்தவை. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில்தான் இவற்றை வைத்துக் குறி சொல்கிற வழக்கம் பரவியது.

நான் தங்கிய வீட்டு அம்மாள் ஒரு கட்டைப் பட்டுத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். நம் ஊர் ஜோசியத்தில் கிளி எடுத்துத் தரும். இங்கே நாமே கலைக்க வேண்டும். கேள்வியை மனசில் நினைத்தபடி கலைத்து, இடது கையால் மூன்று பங்காகப் பிரித்து வைத்தேன். அவர் மூன்று சீட்டுகளை வரிசையாக வைத்துத் திருப்பினார். நேற்று, இன்று, நாளை! தலைகீழாக வந்தால் பலன் மாறுமாம்.

"வியாதி, வைத்தியம் என்று கேட்டால் மட்டும் சீட்டைத் தொடமாட்டேன். அதற்கு டாக்டர் இருக்கிறார்" என்றார். எவ்வளவு நல்ல கொள்கை!

எனக்கென்னவோ பலனைவிடப் படங்களின் மேல்தான் கண். பழைய காலத்துக் காதல் சித்திரங்கள் என்றால் எனக்கு உயிர். கிண்ணம் இரண்டில் ஒரு ஜோடி கிண்ணம் ஏந்தி எதிரெதிரே நிற்கிறது. கிண்ணம் ஆறில் ஒரு சிறுவன் சிறுமிக்குப் பூ நிறைந்த கிண்ணத்தை நீட்டுகிறான். காசு ஒன்பதில் திராட்சைத் தோட்டத்தில் பூப்போட்ட அங்கியோடு ஒரு சீமாட்டி. கையில் ராஜாளி, காலடியில் ஒரு குட்டி நத்தை! அதற்கு முன் வந்த பெரும்பாலான கட்டுகளில் இந்த எண் சீட்டுகளில் வெறும் கிண்ணமும் காசும்தான் இருக்கும். அவற்றில் மனிதர்களைக் கொண்டுவந்து கதை சொல்ல வைத்தவர் பமீலா.

1909-ல் வெயிட் என்பவர் யோசனை சொல்ல, 31 வயதில் அவர் வரைந்து கொடுத்தார். வேலையோ பெரிசு, கூலியோ சொற்பம் என்று அப்போதே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். சீட்டுக் கட்டுக்கு வெளியீட்டாளர் ரைடர் பெயரும் வெயிட் பெயரும் சேர்ந்து 'ரைடர்-வெயிட்' என்று ஆயிற்று. வரைந்தவள் பெயரைக் காணோம்!

மறுநாள் அவர் குடியிருந்த பென்கூலன் ஹவுஸைத் தேடிப் போனேன். பென்கூலன் என்பது 1862-ல் இந்தக் கரையில் மோதி உடைந்த கப்பலின் பெயர். நம் பம்பாய்க்குப் புறப்பட்ட கப்பல் அது. அந்த வீட்டில் 1951 செப்டம்பரில், 73 வயதில் பமீலா காலமானார். கடனை அடைக்க அவருடைய சாமான்களை ஏலம் போட்டார்கள். தலைமாட்டில் ஒரு கல்கூட இல்லாமல் அடக்கம் ஆயிற்று. அவர் படங்களோ உலகமெல்லாம் விற்றுக்கொண்டிருக்கின்றன. 2009-ல் நூற்றாண்டுப் பதிப்பு வந்தபோதுதான் 'ஸ்மித்-வெயிட்' என்று அவர் பெயரை முன்னால் போட்டார்கள்.

ஆனால் அந்தப் பெண் ஏமாளி இல்லை. ஒவ்வொரு படத்திலும் தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளையும் கொடிபோலப் பின்னிப் போட்டிருக்கிறார். அன்று இரவு வீட்டு அம்மாளும் நானும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு சீட்டு சீட்டாக அதைத் தேடினோம். முப்பது வருஷமாகக் குறி பார்க்கும் அவரே அதை அன்றுதான் கவனித்தாராம்!

தலையணை உறையோ, குழந்தை ஸ்வெட்டரோ, கையால் செய்கிற எதுவானாலும் சரி. முடித்ததும் மூலையில் உங்கள் பெயரின் முதலெழுத்தை இரண்டு தையல் போட்டுவிடுங்கள், சகோதரிகளே!