வாடகையோடு கூட்ட வேண்டியவை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்ன முன்னோர், பட்டணத்தில் வாடகைக்கு வீடு தேடிப் பார் என்பதை ஏனோ சேர்க்காது விட்டனர். முத்துக்குளிப்புப் பருவத்தில் கரையில் குடிசை போட்டுத் தங்கி, பருவம் முடிந்ததும் கலைந்து சென்ற நம் மக்களுக்கு அத்தேவை எழவில்லை போலும். அந்த முத்துக்குளிப்பும் 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இன்றோ, ஆண்டுதோறும் பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் என் பங்கிலிருந்து இரண்டொரு குடும்பங்களேனும் தூத்துக்குடிக்குக் குடிபெயர்கின்றன. "எந்தப் பக்கம் வீடு பாக்கலாம் சாமி?" என்ற கேள்வியோடு வருகின்றனர். பங்குக்குரு வீட்டுத் தரகராகவும் ஆகவேண்டிய காலம் இது!

அண்மையில் வந்த தாய் ஒருவர் இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று திரேஸ்புரத்துச் சந்தொன்றில், ஓர் அறையும் அடுப்படியும் கொண்டது. மற்றது திருச்செந்தூர் சாலையில் தெற்கே, முள்ளக்காட்டுப் பக்கம். இரண்டு அறைகள், வாடகையும் குறைவு. "இதுல யோசிக்க என்ன சாமி இருக்கு?" என்றார். நான் தாளும் பென்சிலும் எடுத்தேன். லூக்கா நற்செய்தியில் கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலையும் அதுதானே.

அவர் கணவர் விசைப்படகுத் தொழிலாளி. தூத்துக்குடி விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை திரும்புபவை. நாலரைக்கே அவர் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்க வேண்டும். திரேஸ்புரத்திலிருந்து மிதிவண்டி போதும். முள்ளக்காட்டிலிருந்தோ, அந்நேரத்துப் பேருந்தை நம்ப இயலாது. மோட்டார் சைக்கிளும் பெட்ரோலும் வேண்டும். மீன் விற்கப் போகும் அம்மாவின் ஆட்டோ கூலி வேறு. இவற்றைக் கூட்டியதும் இரு வாடகைகளும் ஏறத்தாழச் சமமாயின.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். படகு நிற்கும், வாடகை நிற்காது. சொந்த ஊரில் கூரை தம்முடையது. இங்கே பன்னிரண்டு மாத வாடகையைப் பத்து மாதத்தில் ஈட்ட வேண்டும். பள்ளிக் கட்டணமும் அந்த ஜூன் மாதத்தில்தான் வந்து நிற்கிறது.

முள்ளக்காட்டு வீட்டுக்காரர் ஒத்திக்கும் தரத் தயாராம். ஒரு பெருந்தொகை கொடுத்தால் மாத வாடகை இல்லை. காலி செய்கையில் தொகை திரும்பும். ஆனால் அத்தொகை, நகையை அடகு வைத்தல்லவா வரவேண்டும்? மாதந்தோறும் கட்டும் வட்டி, வேறு பெயரில் வாடகையே. பத்திரத்தைப் பதிவு செய்வது பற்றிக் கேட்டால் வீட்டுக்காரர் பேச்சை மாற்றுகிறாராம். பதியாத தாளை நம்பி நகையை வைப்பது எனக்குச் சம்மதமில்லை என்று உறுதியாகச் சொன்னேன். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும் என்கிறது.

சுவரையும் பார்த்து வரச் சொன்னேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. நகரின் தாழ்ந்த தெருக்களில் நாள்கணக்கில் நீர் நின்றது. நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதை வீட்டுக்காரர் சொல்லமாட்டார். அடுத்த வீட்டார் சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. மீன் வாடை வருமென்று நம்மவர்க்கு வீடு மறுக்கும் தெருக்கள் இந்நகரில் உண்டு. அன்றாடம் மீன் வாங்கி உண்போரே அப்படிச் சொல்வதுதான் விந்தை!

அனைத்தையும் கேட்ட அந்த அம்மா, "சரி சாமி. ஆனா மவ மரியன்னை காலேஜுல சேரப்போறா. அவ அப்பா மூணு மணிக்கு எந்திரிக்கிற ஒத்த ரூமுக்குள்ள அவ எங்க இருந்து படிப்பா?" என்றார். என் தாளில் அதற்கு இடமிருக்கவில்லை.

திரேஸ்புரத்து வீட்டின் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டுக்கொள்ள இசைவு கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.