ஒடியல் மாவும் ஆய்வுகூடமும்

தீவகத்தார்க்குப் பனை வெறும் மரமன்று. பஞ்சகாலத்துக் களஞ்சியமும் அதுவே. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் நெல் விளையும் நிலம் சிறிது, மழையோ நம்பத்தக்கதன்று. ஆதலின் எம் முன்னோர் பனங்கொட்டையைப் பாத்தியிலிட்டுக் கிழங்காக்கினர். கிழங்கைப் பச்சையாகப் பிளந்து வெயிலிற் காயவிட்டு ஒடியலாக்கினர். அவித்துக் காயவிட்டதைப் புழுக்கொடியல் என்றனர். ஒடியலை இடித்த மாவிற் பிட்டும் கூழும் சமைத்தனர். ஊர்காவற்றுறை நண்டும் மீனும் சேர்ந்த கூழின் சுவையை எழுதப் புகுந்தால் சொல்ல வந்தது நின்றுபோகும்.

சொல்ல வந்தது இதுதான். 1971ஆம் ஆண்டில் பேராதனையைச் சேர்ந்த அர்சகுலரத்ன முதலிய ஆராய்ச்சியாளர், பனங்கிழங்கு மாவை எலிகளுக்கு உணவாகக் கொடுத்து, அவற்றினிடத்தே நரம்பைத் தாக்கும் நச்சுக்குறிகள் தோன்றுவதைக் கண்டு வெளியிட்டனர். பரம்பரை பரம்பரையாக உண்ட உணவில் நஞ்சு! இத்தகைய செய்தியைக் கேட்டால் எம்மவர் இரு கூறாகப் பிரிவது வழக்கம். ‘ஆச்சிமார் உண்டு தொண்ணூறு வயது வாழவில்லையா? ஆய்வாவது மண்ணாவது!’ என்பார் ஒரு சாரார். மற்றைச் சாராரோ அன்றே கூழ்ப்பானையைக் கவிழ்த்துவிடுவர். இரு சாராரும் அடுக்களைக்குட் சென்று பார்த்தவரல்லர் என்பதே எமது குறை.

அங்கே நடப்பது யாது? ஆச்சி மாவை அப்படியே அடுப்பில் ஏற்றுவதில்லை. சட்டியிலிட்டு நிறைய நீர் விட்டு ஊறவைக்கிறாள். மா அடியிற் படிந்ததும் மேல்நீரைச் சரித்துவிட்டுப் புதுநீர் விடுகிறாள். பிட்டுக்காயின் துணியிலிட்டுப் பிழிகிறாள். நாவிற் சிறிது வைத்துப் பார்த்து, கைப்புப் போயிற்று என்று கண்ட பின்னரே அடுப்பை மூட்டுகிறாள். மாவைத் தின்ற எலியும் கூழைக் குடித்த மனிதனும் உண்டது ஒரே உணவன்று. மாவைச் சூடாக்கினால் அந்நச்சுத்தன்மை நீங்குதலைப் பின்வந்த ஆய்வுகளும் எடுத்துக்காட்டின. எலி பொய் சொல்லவில்லை. ஆச்சியும் பொய் சொல்லவில்லை. இருவரையும் ஒருங்கே விசாரித்தால் உண்மை முழுதும் கிட்டும்.

மரவள்ளிக்கிழங்கும் இத்தகையதே. அது ஒல்லாந்தர் காலத்திலே இலங்கைக்கு வந்தது. அதை அவிக்கும்போது பானையை மூடலாகாதென்னும் விதி எந்தச் சித்தரும் எழுதி வைத்ததன்று, பெண்கள் கண்டறிந்தது. அக்கிழங்கிலிருந்து எழும் ஐதரசன் சயனைட்டு ஏறத்தாழ 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகிவிடுமென்று இரசாயனம் பின்னர் விளக்கம் கூறிற்று.

செய்முறையே அறிவென்பதற்குச் சீன தேசத்திலும் ஒரு சான்றுண்டு. மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ அம்மையார், ஒரு மூலிகையைக் கொதிக்கவைத்துக் கண்ட பயன் நிலையற்றதாயிருக்கக் கண்டு, நான்காம் நூற்றாண்டு மருத்துவ நூலொன்றை மீண்டும் புரட்டினார். அதிலே மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றையே பருகும்படி சொல்லியிருந்தது. சூடே மருந்தைக் கெடுக்கிறதென்று உய்த்துணர்ந்து, குறைந்த வெப்பத்தில் அதனைப் பிரித்தெடுத்தார். ஆர்ட்டெமிசினின் பிறந்தது, 2015இல் நோபற் பரிசும் வந்தது. அங்கே சூடு மருந்துக்குப் பகை. இங்கே சூடு நஞ்சுக்குப் பகை. மூலிகையின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு செல்லும் ஆராய்ச்சியாளர் இரண்டையும் தவறவிடுவார்.

கனடாவின் கேப் பிரெற்றன் தீவில் வாழும் மிக்மாக் குலத்து மூத்தவர் அல்பேட் மார்சல், 2004இல் இதற்கொரு பெயரிட்டார்: இருகண் நோக்கு. ஒரு கண் குடிகளின் அறிவு. மற்றது மேனாட்டு விஞ்ஞானம். இரண்டையும் ஒருசேரத் திறந்து பார்க்கவேண்டுமென்பது அவர் கருத்து. அவரும் தீவார் என்பதில் எமக்கொரு சிறு மகிழ்ச்சி. யாழ்ப்பாணத்திலே இதன் ஒரு பாதியை முன்னமே செய்தவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1847இல் வந்த அவர், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, இரணவைத்தியம் முதலிய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அங்கிருந்து இங்கே அறிவு வந்த வழி அது. இங்கிருந்து அங்கே செல்லும் வழி இன்னும் ஒற்றையடிப் பாதையாகவே கிடக்கிறது.

ஆச்சி சொன்னதெல்லாம் சரியென்று சாதிக்க நாம் எழுதவில்லை. உண்டவுடன் வரும் வாந்தியையும் மயக்கத்தையும் அடுக்களை கண்டுகொள்ளும். ஈரலில் ஆண்டுக்கணக்காக மெல்ல நிகழ்வதை அது காணாது. அதற்கு ஆய்வுகூடமே வேண்டும். பனம்பழக் களியின் கைப்புப் பொருள் குடலிற் சீனி உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறதென்று சிறீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தார் கண்டதும் எலிகளிலேதான். அதைக் கேட்டவுடன் நீரிழிவுக்காரர் மருந்தை எறிந்துவிட்டுப் பினாட்டைக் கடிக்கத் தொடங்கலாகாது.

1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவகத்துக் குடிகள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மாவை ஊறவைக்கத் தெரிந்த கைகள் கொழும்பிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் முதிர்ந்துவிட்டன. பேரப்பிள்ளைகளுக்கோ மா மட்டும் பொட்டலத்திற் கிடைக்கிறது. அப்பொட்டலத்தின் மேல் கழுவும் முறையையும் அச்சிடுவது நன்று. மருத்துவமும் இரசாயனமும் பயிலும் மாணவர்கள் ஒரு விடுமுறையிற் குறிகட்டுவானிலே படகேறி நெடுந்தீவுக்குச் செல்லட்டும். எஞ்சியிருக்கும் ஆச்சிமாரிடம் கேட்டு எழுதட்டும்: எத்தனை நாழிகை ஊறவேண்டும்? எத்தனை முறை நீர் மாற்றவேண்டும்? நல்ல தண்ணீரா, தீவுக் கிணற்று உவர்நீரா?