குழியை அகலத் திற

மெல்பேர்னில் கோல்ட் ஸ்பிரே (cold spray), அதாவது உலோகப் பவுடரை உருக்காமல் வேகத்தாலேயே ஒட்டவைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மன்னார்த் தீவின் பேசாலைக்குத் திரும்பிவிட்டேன். "பெயின்ட் அடிக்கிற கன் மாதிரித்தானே அங்கிள்?" என்று லேத் பட்டறைப் பொடியன் ஒருவன் கேட்டான். அவனைக் குறை சொல்லேன். தொழிலுக்குள்ளேயே அப்படி நினைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

நொஸிலால் வரும் அலுமினியப் பவுடர் செக்கனுக்கு 600 மீற்றருக்கு மேல் பாய்ந்தால்தான் பிடிக்கும். குறைந்தால் தெறித்து விழும், அடிப்பாகத்தையும் அரிக்கும். ஒரு துகளும் உருகுவதில்லை. அதனால் வெல்டிங் சூட்டில் வரும் கோணல் இதில் வராது. 1980களில் சோவியத் நாட்டின் நொவொசிபிர்ஸ்க்கில் பப்பிரின் என்ற விஞ்ஞானியின் குழுவினர் கண்டுபிடித்த இந்த முறையில்தான் அமெரிக்க இராணுவம் ஹெலிகொப்டர்களின் மக்னீசியக் கியர்பெட்டிகளைத் திருத்துகிறது.

கன்னைப் பிடிக்க யாரும் பழகலாம். கஷ்டம் குழியில்தான் இருக்கிறது. அவுட்போர்ட் என்ஜின் காலை உப்புத் தின்ற இடத்தைப் பாருங்கள்: வாய் ஊசிமுனையளவு, உள்ளே பொந்து. பவுடர் நேர்குத்தாக மோத வேண்டும். செங்குத்துச் சுவரில் அது உரசிக்கொண்டு போய்விடும், மூலை பொள்ளலாகவே நிற்கும். அடியில் உப்பு மிஞ்சினால், மேலே எவ்வளவு கட்டினாலும் உள்ளே அரிப்பு ஓயாது. ஆகவே சின்னக் குழியைச் சாய்வாகச் சுரண்டி, சாஸர் போல அகலத் திறக்க வேண்டும். நல்ல உலோகத்தையும் வெட்டுகிறானே என்று சாமான்காரர் பதறுவார். பதறட்டும்.

எனக்குப் பழக்கிய மூத்தவர் நெடுநாள் கன்னைத் தரவேயில்லை. குழி திறக்கும் கிரைண்டரைத்தான் தந்தார். திறந்து முடித்ததும் கண்ணை மூடி, விரல்நுனியை விளிம்பில் ஓட்டுவார். எங்காவது தட்டுப்பட்டால் சாமான் என்னிடமே திரும்பி வரும். பிறகு லென்ஸ் வைத்து அடியைப் பார்ப்பார். ஒரு கறுப்புப் புள்ளி நின்றாலும் திரும்ப வரும். அந்த விரலுக்குப் பயந்துதான் வேலை படித்தேன்.

இன்றைக்கு ரொபோ கைக்குப் பாதை வரையத் தெரிந்தவன் கைகாரன். மேலே கடைந்து பளபளப்பாக்கினால் சரி என்கிறான். பிடிமானத்தை இழுத்துப் பார்க்க மாதிரித்துண்டு அடிப்பது அவனுக்கு நேர விரயம். ஈரம் இழுத்த பவுடரையே ஹொப்பரில் கொட்டுகிறான்.

2020இல் தம்பபவனி மின்திட்டத்தின் 30 காற்றாலைகள் இந்தத் தீவில் எழுந்தன. உப்புக் காற்றில் நிற்கும் இரும்பும் அலுமினியமும் இங்கே கூடிக்கொண்டே போகின்றன. ஒருநாள் இந்த வேலையும் மன்னாருக்கு வரும். குழி திறக்கச் சொல்லிக்கொடுக்க நான் தயார். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் கன் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள்.