பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரு துண்டு நிலமும்

நான் உத்தியோகம் பார்த்த 34 வருடத்தில் பாதிக்கு மேல் பத்திரங்களோடுதான் போயிற்று. எத்தனையோ பாகப்பிரிவினைகளைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக நடந்து போவார்கள்.

பிரெஞ்சு மீடியத்தில் படித்த காலத்தில், நார்மண்டி என்றால் எங்களுக்கு 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த கியோம் பிரபு மட்டும்தான். ஆங்கிலத்தில் வில்லியம் என்பார்கள். அதே நார்மண்டியில், அதே நூற்றாண்டில் வாழ்ந்த இன்னொரு பிரபுவைப் பற்றி ரிட்டையர் ஆன பிறகுதான் படித்தேன். அவர் பெயர் தாங்க்ரேத். கூத்தான்ஸ் பட்டணத்துக்குப் பக்கத்தில் ஓத்வீல் என்ற கிராமம் அவருடையது. பெரிய பிரபு ஒன்றுமில்லை. நம்மூர்க் கணக்கில் சின்ன மிராசுதார்.

ஆனால் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. மூத்தாள் முரியெல்லா பெற்றது ஐந்து பையன்கள். அவள் இறந்த பின் வந்த இளையாள் ஃப்ரெசெந்தா பெற்றது ஏழு. பெண்களும் உண்டு. மூத்தாள் பிள்ளைகள் யார், தன் பிள்ளைகள் யார் என்று வித்தியாசம் தெரியாமல் அவள் வளர்த்தாளாம். இந்தக் குடும்பத்தின் கதையை எழுதிவைத்த மலத்தெர்ரா என்ற துறவி சொல்கிறார்.

நிலம் ஒன்று, பையன்கள் பன்னிரண்டு. அக்கம்பக்கத்தில் கிழவர்கள் கண்ணை மூடியதும் வாரிசுகள் அடித்துக்கொள்வதை இவர்கள் பார்த்தார்கள். நமக்கும் இந்தப் பங்காளிச் சண்டை வேண்டாம் என்று முடிவு செய்து, கூலிப்படை வீரர்களாகத் தெற்கு இத்தாலிக்குக் கிளம்பினார்கள். செர்லோ என்பவர் ஊரிலேயே தங்கினார். மூத்தவர் கியோமுக்கு 'இரும்புக்கை' என்று பட்டப்பெயர். 1042-இல் அங்கிருந்த நார்மன்கள் அவரையே தலைவராக்கினார்கள். இளையாளின் மூத்த மகன் ரொபேர், 'கிஸ்கார்', அதாவது தந்திரக்காரர். அவர் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த அண்ணன் துரோகோ அவருக்கு நல்ல நிலம் எதுவும் கொடுக்கவில்லை. கலப்ரியா மலைகளில் ஆடுமாடு கொள்ளையடித்துப் பிழைத்தவர், 1059-இல் போப்பாண்டவர் கையாலேயே டியூக் பட்டம் பெற்றார்.

கடைக்குட்டி ரொஜே பின்னாலேயே வந்து சேர்ந்தார். கலப்ரியாவில் பாதி உனக்கு என்று ரொபேர் வாக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு சரி, நிலம் கைக்கு வரவில்லை. 1062-இல் சண்டை முற்றியது. தம்பி இருந்த ஊரை அண்ணன் முற்றுகையிட்டார். சண்டைக்குப் பயந்து வீட்டை விட்டு வந்தவர்கள், வந்த இடத்திலும் அதே சண்டையைத்தான் போட்டார்கள்.

அந்தச் சமயத்தில் ஜெராச்சே என்ற ஊருக்குள் ரொபேர் மாறுவேடத்தில் நுழைந்து மாட்டிக்கொண்டார். ஊரார் அவரைக் கொல்லத் துடித்தார்கள். செய்தி கேட்டு ரொஜே படையோடு ஊர் வாசலுக்கு வந்து, "அவன் என் எதிரி, என் கையால்தான் சாக வேண்டும், ஒப்படையுங்கள்" என்று நடித்தார். உயிரோடு மீட்டார். அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதற்குப் பிறகும் ரொபேர் கொஞ்சம் இழுத்தடித்தார். கடைசியில் பாதியைக் கொடுத்தார்.

இருவரும் சேர்ந்து 1072-இல் பலெர்மோவைப் பிடித்தார்கள். ரொஜேயின் மகன் 1130-ஆம் வருடம் கிறிஸ்துமஸ் அன்று சிசிலியின் முதல் ராஜாவாக முடிசூடினார். 1194-இல், தாங்க்ரேத் என்ற பெயர் கொண்ட ஒரு ராஜா இறந்த வருடத்திலேயே, அவருடைய சின்னப் பையனிடமிருந்து முடி கைமாறியது. ராஜ்யம் நின்றது 64 வருடம். என் வயதைவிடக் குறைவு.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டில் நான்தான் அண்ணன். பின்கட்டுத் தோட்டத்தில் தம்பிக்குப் பாதி என்று அப்பா படுக்கையில் இருந்தபோது சொன்னது என் காதிலும் விழுந்தது. பத்திரத்தில் இல்லாததால், "எழுத்தில் இருந்தால் காட்டு" என்றேன். உத்தியோக புத்தி. 11 வருடம் பேச்சு இல்லை.

போன ஐப்பசியில் எனக்கு ஆபரேஷன். கண் விழித்தபோது, கட்டிலருகே தம்பி பிளாஸ்கில் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தான். தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சூடு ஆறிடும், குடிண்ணா" என்றான்.

வீடு திரும்பி ரொபேர் கதையை மறுபடி படித்தேன். கட்டிக்கொண்டு அழுத இடத்தைவிட, அதற்குப் பின்னும் இழுத்தடித்த இடம்தான் உறுத்தியது. நானும் நான்கு மாதம் இழுத்துவிட்டேன். தான செட்டில்மென்ட் பத்திரம் எழுதக் கொடுத்திருக்கிறேன். வருகிற புதன்கிழமை கையெழுத்து.