பிரித்த பிறகு யார் முடிவெடுப்பது?

கோவையில் கார் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர் என் கட்சிக்காரர். தகராறு ஒரு பழைய கம்ப்ரசர் பம்பைப் பற்றியது. நஷ்ட ஈட்டையும் சேர்த்துக் கேட்ட தொகை லட்ச ரூபாயைத் தொடவில்லை. ஆனாலும் நான் நடத்திய வழக்குகளில் இதை முக்கியமானதாக நினைக்கிறேன். ரிப்பேருக்குப் பொருளைக் கொடுக்கிற எல்லாருக்கும் அதில் ஒரு உரிமை இருக்கிறது.

பம்ப் அவருடைய அப்பா காலத்தது. இரண்டு கட்டமாக அழுத்தும் வகை. பெரிய சிலிண்டர் காற்றை இழுத்து முதல் அழுத்தம் கொடுக்கும். சூடேறிய காற்று தகடு வைத்த குழாய் வழியாக ஆறி, சின்ன சிலிண்டரில் மறுபடி அழுந்தி, பத்து கிலோ பிரஷரில் டேங்குக்குப் போகும். உடம்பு முழுக்க வார்ப்பிரும்பு. நேரத்துக்கு ஆயில் மாற்றி ஓட்டினால் ஒரு தலைமுறைக்கு உழைக்கக்கூடியது. கோளாறு முதலில் தெரிந்தது பெயிண்டில்தான். ஸ்ப்ரே அடித்த பானெட்டில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்தது. காற்றோடு ஆயில் வருகிறது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டாம். டேங்க் நிரம்பவும் முன்னைவிட நேரம் பிடித்தது.

ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தார். ரிங் செட், வால்வு பிளேட், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் என்று துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார் அவர். 5,000 முன்பணம் போனது. எடுக்கப் போன அன்று பில் 31,000. சிலிண்டரை ரீபோர் செய்து, பிஸ்டன் மாற்றி, கனெக்டிங் ராடும் புதிதாகப் போட்டதாகச் சொன்னார். அங்கேயே ஓட்டிக் காட்டச் சொன்னால் 'டக் டக்' என்று அடி கேட்டது, ஆயிலும் நிற்கவில்லை. என் கட்சிக்காரர் பணம் தர மறுத்தார். ரிப்பேர் செய்தவர் பம்பைத் தர மறுத்தார்.

"பிரிச்சுப் பார்த்துட்டு ஒரு போன் பண்ணியிருந்தா, வேண்டாம் விடுங்கன்னு சொல்லியிருப்பேனுங்க சார். இன்னும் கொஞ்சம் போட்டா புதுப் பம்பே வந்துருக்குமுங்க." முதல் நாள் என் கட்சிக்காரர் சொன்ன இந்த இரண்டு வாக்கியங்கள்தான் கடைசிவரை என் வழக்காக இருந்தன. வேலை சரியில்லை என்பது இரண்டாவது குறை. அவர் எடுக்க வேண்டிய முடிவை வேறொருவர் எடுத்துவிட்டார் என்பதே முதல் குறை.

பழைய பம்பைப் புதுப்பிக்கலாமா என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டும், அளக்க வேண்டும். சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாகத் தேய்வதில்லை. ரிங் திரும்புகிற மேல்பகுதி அதிகம் தேயும், வட்டமும் கோணிப்போகும். தேய்மானம் குறைவாக இருந்தால் ஹோனிங் போட்டு ரிங் மாற்றினால் போதும். அதிகமென்றால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அந்தப் பிஸ்டன் சந்தையில் இன்னும் கிடைக்கிறதா என்பது தனிக் கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலே கிராங்க். ராட் உட்காரும் இடம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் மேலே எத்தனை புதுச் சாமான் போட்டாலும் அடி நிற்காது. ஆக, பம்பைப் பிரித்துப் போட்டிருக்கும் அந்த நேரத்தில்தான் 'செய்யலாமா, வேண்டாமா' என்ற கேள்விக்கே பொருள் உண்டு. அந்த நேரத்தில் உரிமையாளர் பக்கத்தில் இல்லை. அளவைச் சொல்லி அவரைக் கேட்கிற கடமை ரிப்பேர் செய்பவருக்கு இருக்கிறது என்று வாதாட முடிவு செய்தேன்.

மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்த ஆட்சேபம் பம்பைப் பற்றியதல்ல. பட்டறை நடத்துகிறவர் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர், நுகர்வோரே அல்ல என்றார். அது வலுவான ஆட்சேபம். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குவோருக்கு மட்டும் இருந்த விலக்கு, 2003 மார்ச்சில் அமலுக்கு வந்த திருத்தத்தால் சேவைக்கும் வந்துவிட்டது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று பொருள் வாங்குவோருக்கு ஏற்கெனவே இருந்த விளக்கமும் கூடவே சேவைக்கு வந்தது. அந்த விளக்கத்தின் பொருளை உச்ச நீதிமன்றம் 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் விரித்துச் சொல்லியிருக்கிறது. அதுவும் கோவையில் செய்த ஒரு இயந்திரத்தைப் பற்றிய வழக்கு. விற்றது பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். வாங்கியவர் அதில் தோற்றார். ஆனால் லேத் வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அப்படித்தான் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. என் கட்சிக்காரர் காலையிலிருந்து ஸ்ப்ரே கன்னைத் தன் கையில் பிடிக்கிறவர். உதவிக்கு இரண்டு பேர். மன்றம் ஆட்சேபத்தைத் தள்ளியது.

அடுத்தது பிடித்துவைக்கும் உரிமை. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170: ஒப்படைத்த பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தியவர் கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைச் சட்டமே உதாரணம் காட்டுகிறது. நல்ல சட்டம் இது; கைத்தொழில் செய்கிறவனுக்கு வேறு பிடி ஏது? ஆனால் ஒப்படைத்த நோக்கத்தின்படி வேலை நடந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ஆயில் கலக்காத காற்று வேண்டும் என்பது நோக்கம். அது நிறைவேறவில்லை. சீட்டுப்படி மிச்சமிருந்த 9,000 ரூபாயை மன்றத்தில் கட்டுகிறோம், பம்பைப் பொறியியல் ஆசிரியர் ஒருவர் அளந்து பார்க்க அனுமதியுங்கள், அளந்தபின் எங்களிடம் விடுங்கள் என்று இடைக்கால மனு போட்டேன். உத்தரவு கிடைத்தது.

அந்த ஆசிரியரின் அறிக்கை இரண்டே பக்கம். பிஸ்டன்கள் வேறு மாடலுடையவை, கடைந்து பொருத்தியிருக்கிறார்கள். கிராங்க் கோணித் தேய்ந்திருக்கிறது, அதைத் தொடவே இல்லை. நுகர்வோர் மன்றத்தில் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அரிது, கேள்விகளை எழுதித்தான் கொடுப்போம். எதிர்த்தரப்புக்கு நான் கொடுத்தவற்றில் முக்கியமானவை மூன்று. பிரித்ததும் சிலிண்டரையும் கிராங்கையும் எந்தக் கருவியால் அளந்தீர்கள்? அளவை எங்கே எழுதி வைத்தீர்கள்? 14,000 போதாது என்று தெரிந்த பிறகு உரிமையாளரிடம் எப்போது சொன்னீர்கள்? முதலிரண்டுக்கும் சேர்த்து, 'கைப்பழக்கத்தில் தெரியும்' என்று பதில் வந்தது. மூன்றாவதுக்கு, 'வேலை முடிந்து பில் கொடுத்தபோது.'

கைப்பழக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கோவைப் பட்டறைகள் அதில்தான் நிற்கின்றன. விரலால் தடவியே சிலிண்டர் நிலையைச் சொல்லும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த விரலுக்குத் தெரிந்தது உரிமையாளருக்கும் தெரிந்தாக வேண்டும், அவர் பணம்தானே செலவாகிறது.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. பில்லில் 14,000-க்கு மேற்பட்டதைக் கேட்க உரிமையில்லை. உரிமையாளரைக் கேட்காமல் வேலையை விரித்தது சேவைக் குறைபாடு. கட்டிய 9,000 திரும்பக் கிடைக்கும். நஷ்ட ஈடு 10,000, செலவுத்தொகை 3,000. முன்பணம் 5,000-ஐ மட்டும் பிரித்த கூலிக்காக எதிர்த்தரப்பே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். பிரிப்பதும் வேலைதான். பட்டறை மூடிக் கிடந்த நாட்களின் வருமானத்தைக் கேட்டது தள்ளுபடியானது. கணக்குப் புத்தகம் இல்லாமல் அதை நிரூபிக்க முடியவில்லை.

பம்ப் கைக்கு வந்த பிறகு என் கட்சிக்காரர் என்னிடம் கேட்டார்: "கிராங்க் ஒண்ணு பழசுல தேடிப் போட்டுப் பார்க்கட்டுங்களா சார்?" முதலில் டேங்கைச் சோதித்துப் பாருங்கள் என்றேன். அன்றிருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு அழுத்தக் கலன்களுக்குப் பாதுகாப்பு கேட்டது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் பட்டறையானாலும் பத்து ஆளுக்குக் குறைந்தால் பொதுவாக அந்தச் சட்டம் எட்டவில்லை. அப்படிப்பட்ட பட்டறையில் நிற்பவர்களுக்கு உரிமையாளரின் கவனம்தான் காப்பு. காற்றிலுள்ள ஈரம் டேங்கின் அடியில் தண்ணீராகத் தேங்கி உள்ளுக்குள் துருவேற்றும், வெளியே பெயிண்ட் பளபளவென்றிருக்கும். காற்றை விட்டுச் சோதித்தால் வெடிக்கக்கூடும். தண்ணீரை முழுக்க நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும், தண்ணீர் சுருங்காததால் விரிசல் விட்டாலும் கசிவோடு போகும். அதைச் செய்யத் தெரிந்தவர்களிடம் கொண்டுபோனார். பத்து கிலோவை எட்டும் முன்பே அடித்தையலில் நீர் கசிந்தது.

கிராங்க் தேடுவதை விட்டுவிட்டு டேங்கோடு புது செட் வாங்கினார். பம்ப் எடைக்குப் போனது. டேங்கை மட்டும் அப்படியே கொடுக்கவில்லை. பெயிண்ட் அடித்து யாராவது இன்னொரு பட்டறையில் ஏற்றிவிடுவார்கள் என்று கேஸ் கட்டர்காரரைக் கூப்பிட்டு இரண்டாக அறுத்துப் போட்டார்.