34ஆம் எண் சட்டை

மாலை ஆறரை மணிக்குமேல் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கூடைப்பந்துத் திடலில் இடம் கிடைக்காது. வேலை முடிந்து வந்தவர்கள் ஒரு கூடையைப் பிடித்துக்கொள்வார்கள். பள்ளிச் சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிய பையன்களுக்கு மற்றொன்று. வளையத்தில் வலை இருந்து பல மாதங்களாகின்றன. பந்து உள்ளே போனதா, ஓரமாய் நழுவியதா என்று சண்டை வர அது ஒன்றே போதும்.

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவன் நான். நான்கு மணிக்கு எழுபவனுக்கு இரவு ஒன்பதுக்குக் கண் சொருகும். அப்போதும் கீழே ‘டொம் டொம்’ என்று கேட்டுக்கொண்டிருக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தச் சத்தம் இல்லாத மழை நாள்களில்தான் தூக்கம் வருவதில்லை.

ஆங் மோ கியோவைச் சுற்றிப் பார்க்க யாரும் வருவதில்லை. தேக்காவுக்குப் போவார்கள், மெரினா பே போவார்கள், இங்கே உறவினர் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். ஆனால் 1987 நவம்பரில் சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி ரயில் ஓடிய ஐந்து நிலையங்களில் இதுவும் ஒன்று. அவென்யூ 2இல் நான்கு இதழ்ப் பூப்போல் வட்ட வட்டமாகக் கட்டிய 259ஆம் புளோக் இருக்கிறது. அவென்யூ 3 பக்கம் நடந்தால், பழைய டிராகன் விளையாட்டுத் திடலைப் பார்க்கலாம்.

ஊரின் பெயருக்கே இரண்டு கதைகள். ஹொக்கியனில் ‘ஆங் மோ’ என்றால் செம்முடிக்காரர், அதாவது வெள்ளைக்காரர். ‘கியோ’வைப் பாலம் என்று கொண்டால் வெள்ளைக்காரர் பாலம். கத்தரிக்காய் என்று கொண்டால் வெள்ளைக்காரர் கத்தரிக்காய், அதாவது நம் தக்காளி. எழுத்து மாறும்போது பொருளும் மாறிவிடுகிறது. உச்சரித்துப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் அக்கறை.

பெயர் என்றதும் அக்கா மகனின் சட்டை ஞாபகம் வருகிறது. பதினாறு வயது. இரண்டு புளோக் தள்ளி வீடு. திடலுக்கு வரும்போதெல்லாம் அதே பச்சைச் சட்டை, முதுகில் 34. அதற்குமேல் ஒரு வரி முழுக்க நீளும் பெயர். 2021 ஜூலையில் அந்தப் பெயரை விளையாட்டுச் செய்தியில் வாசிக்க வேண்டியிருந்தது. கழிவறைக் கண்ணாடி முன்னால் ஐந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தேன். யானிஸ் அன்டெட்டோகூன்போ.

கிரேக்க நாட்டுக் கூடைப்பந்து வீரர். 1994இல் ஏதென்ஸில் பிறந்தார். பெற்றோர் நைஜீரியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். குடும்பப் பெயர் உண்மையில் ‘அடெட்டோகூன்போ’. கடல் கடந்து திரும்பி வந்த மகுடம் என்பது யொரூபா மொழியில் அதன் பொருளாம். அதைக் கிரேக்க எழுத்தில் எழுதி, அங்கிருந்து மறுபடியும் ஆங்கில எழுத்துக்குக் கொண்டுவந்தபோது கடப்பிதழில் இப்படி ஆகிவிட்டது. அங்கே பிறந்தாலும் பதினெட்டு வயதுவரை அவருக்குக் குடியுரிமை இல்லை. அண்ணன் தனாசிசுடன் தெருவில் கைக்கடிகாரமும் கறுப்புக் கண்ணாடியும் விற்றார். அண்ணனும் தம்பியும் ஒரே ஜோடிக் காலணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆடிய காலமும் உண்டு.

செப்போலியா என்ற அவர்கள் பேட்டையில் இருந்த திடலும் எங்கள் திடலைப்போலத்தான். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், நடுவே ஒரு சிமெண்டுத் தரை.

2013 மே மாதம் குடியுரிமை. அடுத்த மாதமே அமெரிக்காவின் என்பிஏ தேர்வில் 15ஆவது ஆளாக மில்வாக்கி பக்ஸ் அணி எடுத்துக்கொண்டது. அதற்குச் சற்று முன்புவரை ஆடியது கிரேக்கத்தின் இரண்டாம் பிரிவில். மில்வாக்கியில் முதல் குளிர்காலத்தில் கையிலிருந்த பணம் முழுவதையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டாக்சிக்குக் காசில்லாமல் அரங்கத்தை நோக்கிக் குளிரில் ஓடியிருக்கிறார். வழியில் பார்த்த ஒரு தம்பதி காரில் ஏற்றிக்கொண்டார்களாம். இந்தக் கதையை நான் ஒருநாள் நிகழ்ச்சியில் சொன்னேன். முதல் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிய அப்பாக்களின் பிள்ளைகள் எத்தனை பேர் அன்று அழைத்துப் பேசினார்கள் தெரியுமா! பந்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

2019, 2020 இரண்டு ஆண்டும் லீக்கின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 2021 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளிகள். பக்ஸ் அணிக்கு ஐம்பது ஆண்டுக்குப் பிறகு கிண்ணம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் கிரேக்கக் கொடியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

இந்தக் கதை முழுவதும் அக்கா மகனுக்கு மனப்பாடம். சிக்கலே அதுதான். போன மாதம் சாப்பாட்டு மேசையில், “பாலிடெக்னிக் போறேன்மா, ஆனா பந்துதான் முக்கியம்” என்றான். அக்கா சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீதான் இவனை 2019ல கூட்டிட்டுப் போனே. நீயே பதில் சொல்லு.”

கூட்டிக்கொண்டு போனது உண்மை. அந்த மே மாதம், காலாங்கில் ஓசிபிசி அரங்கம். ஆசியான் கூடைப்பந்து லீக்கின் இறுதிச் சுற்று, ஐந்தாவது ஆட்டம், நம் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸும் இந்தோனேசியாவின் சிஎல்எஸ் நைட்சும். இரண்டுக்கு இரண்டு என்ற நிலையில் வந்திருந்தார்கள். பத்து வயதுப் பையன் தொண்டை கட்டும்வரை கத்தினான். தோற்றுப்போனோம். 2016இல் மலேசியா டிராகன்சிடம், 2017இல் ஹாங்காங் ஈஸ்டர்னிடம், பிறகு இது. மூன்று முறை இறுதிக்குப் போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பிய அணி. ரயிலில் அவன் பேசவே இல்லை. ஆங் மோ கியோ வந்ததும், “மாமா, அடுத்த வருஷம்?” என்றான். அடுத்த ஆண்டு கொவிட் வந்து லீக்கே பாதியில் நின்றது.

ஸ்லிங்கர்ஸின் கதையும் ஓர் ஊர்சுற்றிக் கதைதான். 2006இல் ஆஸ்திரேலிய லீக்கில் சேர்ந்தார்கள். வெளியூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் விமானம். பயணச் செலவு கட்டுப்படியாகாமல் 2008இல் விலகினார்கள். 2009இல் ஆசியான் லீக் தொடங்கியபோது முதல் ஆறு அணிகளில் ஒன்றாக வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து எடுக்கப்பட்ட உயரமான ஆட்டக்காரர்கள்தான் புள்ளிகளைக் குவிப்பார்கள். ஆனாலும் வோங் வெய் லோங், டெஸ்மண்ட் ஓ போன்ற உள்ளூர்ப் பையன்களுக்குப் பந்து ஒரு தொழிலாக இருக்கலாம் என்று காட்டியது அந்த அணிதான். தேசிய அணி 2013 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் வெண்கலம் வென்றது. 1979க்குப் பிறகு முதல் பதக்கம். 2015இல் சொந்த மண்ணில் இன்னொன்று. இதையெல்லாம் நாம் சீக்கிரமே மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

அந்த ஸ்லிங்கர்ஸ் அணியில் நம்மவர் ஒருவரும் ஆடியிருக்கிறார், பத்மன் மதியழகன். ஆங்கிலப் பட்டியலில் அவர் பெயரில் ‘ழ’ வெறும் ‘ல’ ஆகியிருக்கும். வீட்டில் இதைச் சொன்னபோது அக்கா மகன் முதலில் நம்பவில்லை. கிரேக்கத்துப் பெயரை ஓர் எழுத்து விடாமல் சொல்பவனுக்கு இது தெரியவில்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, நானும் எத்தனை முறை ஒலிபரப்பில் சொல்லியிருக்கிறேன்?

அக்காவின் கேள்வி வேறு. “சரி, ஆடினார். சோறு போட்டுச்சா?”

பதிலுக்குச் சென்னையின் அனிதா பால்துரையைச் சொன்னேன். 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்றவர். 2000 முதல் 2017 வரை நாட்டுக்காக ஆடினார். தாயான பிறகு திரும்பி வந்து 2017இல் பெங்களூரில் ஆசியக் கிண்ண இரண்டாம் பிரிவை வென்ற அணியிலும் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ. இத்தனை ஆண்டும் அவருக்குப் பின்னால் தெற்கு ரயில்வே வேலை இருந்தது. இந்தியாவில் ரயில்வே விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்து ஆட விடுகிறது. யானிசுக்கு என்பிஏ கோடிகளைக் கொடுத்தது. இங்கே நம் பையன்களுக்கு ரயில்வேயும் இல்லை, என்பிஏவும் இல்லை. யானிஸ் கடப்பிதழ் வாங்கி அமெரிக்காவுக்கு விமானம் ஏறிய வயதில் நம் பையன்கள் தேசிய சேவைக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் ஓர் ஆட்டக்காரனின் உடல் முற்றித் தேறும் இரண்டு ஆண்டுகள் அவை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அப்ப ரயில்வே மாதிரி ஒன்ன நீயே பாத்துக்கடா,” என்றார் அக்கா, மகனைப் பார்த்து. “பிசியோதெரபி படி. பந்தையும் ஆடு.” எனக்கே தோன்றாத யோசனை. அவன் முகம் சுளித்தான். முடியாது என்று சொல்லவில்லை.

நேற்று மாலை கீழே போனேன். இரண்டு பக்கமும் கூட்டம். அவன் கோட்டுக்கு வெளியே, தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஒரு சின்னப் பையன், எட்டு வயது இருக்கும், பெரிய பந்தைக் கட்டிப்பிடித்தபடி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, அதுல என்ன எழுதியிருக்கு?”

அக்கா மகன் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். பாதியிலேயே அவன் முறை வந்துவிட்டது.